ஹெலன் ரயில் ஏறினாள்

போன வெள்ளிக்கிழமை ஹெலன் எலெக்ட்ரிக் ரயிலில் ஏறினாள்!

இதென்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? ஹெலனைத் தெரிந்தால் கேட்க மாட்டீர்கள். எங்கள் சேலையூர்ப் பள்ளியில் பாட்டு சொல்லித்தர இங்கிலாந்திலிருந்து வந்தவள். கூட்டத்தைக் கண்டாலே பயம். தாம்பரம் ஸ்டேஷன் வாசலோடு திரும்பி ஓடி வந்தவள். ஊருக்கே போய்விடுகிறேன் என்று பெட்டிகூடக் கட்டிவிட்டாள்.

தியானம் செய்து பார்க்காமல் இல்லை. தடித்தடியாகப் புத்த மதப் புத்தகங்கள்... பத்மாசனம்... முழங்கால் வீங்கியதுதான் மிச்சம். "மனசைக் காலி பண்ண முடியலை" என்று ஸ்டாஃப் ரூமில் தன் அரைகுறைத் தமிழில் அழுதாள்.

கணக்கு டீச்சர் ராஜம் சிரித்துவிட்டாள். ரங்கூனில் பிறந்தவள், பர்மியத் தோழிகளோடு புத்த விகாரைக்குப் போய்ப் பழகியவள்.

"காலி பண்ண அது என்ன தண்ணி டேங்க்கா? பேசாம நாற்காலியில உக்காருங்க. மூச்சு வருதா? வருதுன்னு கவனிங்க. மனசு ஓடுதா? ஓடுதுன்னு கவனிச்சுட்டு மூச்சுக்கே திரும்பி வாங்க."

"பயம் வந்தா? விரட்டணுமா?"

"ஊஹூம். 'பயம் வந்திருக்கு'ன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதானா? எனக்கே ஏமாற்றம். ஹெலன் விடவில்லை. தினமும் மதிய இடைவேளையில் வேப்ப மரத்தடியில் நாற்காலியைப் போட்டுவிடுவாள்.

வெள்ளியன்று எழும்பூரில் பாட்டுப் போட்டி. பாடப் போவது அவள் பழக்கிய பெண்கள். "மிஸ் வராட்டா நாங்க பாட மாட்டோம்" என்று ஒரே பிடிவாதம். வேறு வழி? துணைக்கு நானும் வர, ஏறினாள்.

பல்லாவரத்தில் சந்தைக் கூட்டம் மொத்தமும் எங்கள் பெட்டிக்குள் நுழைந்தது. மூட்டை, கூடை, கோழி... ஹெலன் முகம் வெளுத்துவிட்டது.

"இறங்கிடலாமா?" என்றேன். தலையை ஆட்டி மறுத்தாள். உதடுகள் மட்டும் அசைந்தன — "மூச்சு... பயம்... மூச்சு... கோழி..."

கூடைக்காரம்மா என்னைக் கேட்டாள், "இன்னாம்மா, வெள்ளைக்காரம்மாவுக்கு மயக்கமா வர்தா?"

ஹெலனே பதில் சொன்னாள்: "பயம் இருக்கு. பரவாயில்லை."

"அட, எனக்குந்தான் கீது! கெட்டியா என் தோளைப் புட்ச்சிக்கோ!"

பெட்டியே சிரித்தது. ஹெலனும்தான்! எழும்பூரில் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் கடைசியாக இறங்கினாள், ராணி மாதிரி. போட்டியில் முதல் பரிசு எங்களுக்கே. திரும்பும்போது ஜன்னல் ஸீட்டுக்குப் பிள்ளைகளோடு சண்டை வேறு! மறுநாளே பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டாள்.

பயம் போகட்டும், அப்புறம் கிளம்பலாம் என்று காத்திருக்கிறீர்களா? அதற்கும் ஒரு டிக்கெட் எடுங்கள்... கூடவே வந்துவிட்டுப் போகட்டும்!