கோயில் தொட்டியில் மூன்று மீன்கள்

என் மருமகள் செஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நம் பக்கத்தில் இருக்கிற மதங்களைப் பற்றி நாலு வகுப்பு நடத்த வேண்டுமாம். இன்ன நாளில் இன்னதைக் காட்டுவேன், இன்னதைக் கேட்பேன் என்று முன்னாடியே எழுதிக் கொடுத்துவிட வேண்டுமாம். மேல்சித்தாமூர் ஜைனக் கோயில் படத்தைப் பெரிதாக்கி என் பக்கம் திருப்பினாள்.

"அத்தை, இங்க நீங்க போயிருக்கீங்களா?"

போயிருக்கிறேன், பாடம் எழுதுவதற்காகத்தான் போனேன் என்றேன். அவள் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். யாராவது என்னையே பார்த்தால் எனக்குப் பேச்சு தொண்டையில் நின்றுவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அன்றைக்குப் பாதிதான் சொன்னேன். ஐந்தாவது வரைக்கும் படித்த கைதான் என்றாலும், மீதியை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. என் சித்தப்பா, நைனாவுக்கு நேர் இளையவர், எங்கள் தெருவிலிருந்து முதன்முதலாக வாத்தியார் வேலைக்குப் போனவர். எங்கள் தெரு ஊருக்குக் கிழக்கே, ஓடையைத் தாண்டி இருந்தது. சித்தப்பா வேலை பார்த்த உயர்நிலைப் பள்ளி ஊருக்குள். நான் படித்த தொடக்கப் பள்ளியும் அதே சுற்றுச்சுவருக்குள்தான் இருந்தது. அதனால் போகவும் வரவும் சித்தப்பாவின் சைக்கிள் கேரியர் எனக்கே எனக்கு.

ஒன்பதாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசி மணி நீதிபோதனை வகுப்பு. பேர்தான் அது. கணக்கு வாத்தியார் அதில் பாக்கிக் கணக்கைப் போடுவார், டிரில் வாத்தியார் பிள்ளைகளைப் புல் பிடுங்க விடுவார். யாருக்கும் வேண்டாத அந்த வகுப்பைத் தலைமையாசிரியர் புதிதாக வந்த சித்தப்பாவிடம் கொடுத்தார். சித்தப்பாவோ ஏதோ பரிசு கிடைத்த மாதிரி வீட்டுக்கு வந்தார். நாலு வெள்ளிக்கிழமை, நாலு மதம். ஜைனம், இஸ்லாம், கிறிஸ்தவம், கடைசியில் இந்து. எல்லாவற்றுக்கும் பாடக் குறிப்பு எழுதப் புது நோட்டு ஒன்று வாங்கி, பழுப்புத் தாளில் அட்டை போட்டார்.

நாலாவது வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று பிறகுதான் தெரிந்தது. அவர் பாடக் குறிப்பைப் பார்த்து, வகுப்பையும் பார்த்து, சரி என்று எழுதினால்தான் சித்தப்பாவின் வேலை நிரந்தரம் ஆகும். வேலை நிரந்தரம் ஆனால்தான் பெண் கொடுப்போம் என்று வளத்தியில் ஒரு வீட்டார் சொல்லியிருந்தார்கள். அந்த மாதம் முழுக்க அம்மா சித்தப்பாவுக்கு மட்டும் மோரைக் கெட்டியாக ஊற்றினாள்.

சித்தப்பாவிடம் ஐந்து கேள்விகள் இருந்தன. எந்த மதமானாலும் அதே ஐந்துதான். செருப்பை எங்கே விடுகிறார்கள்? உள்ளே போனதும் கண்ணில் முதலில் படுவது எது? தண்ணீரை என்ன செய்கிறார்கள்? கையை எப்படி வைத்துக்கொள்கிறார்கள்? திரும்பி வரும்போது என்ன கொண்டுவருகிறார்கள்? சாமி எப்படிப்பட்டது என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, அதைப் பிள்ளைகள் தாங்களே படித்துக்கொள்வார்கள் என்பது அவர் கட்சி. அவருக்கு ஒரு சட்டமும் உண்டு. கண்ணால் பார்க்காத எதையும் நோட்டில் ஏற்றக் கூடாது. அதை என்னிடம் அத்தனை தடவை சொல்லியிருந்தார், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

என்னை எதற்குக் கூட்டிக்கொண்டு போனார் என்றால், பெரியவர்கள் கேட்கக் கூச்சப்படுவதைப் பிள்ளைகள் கேட்டுவிடும் என்றார். ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார் போங்கள். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதில் கிசுகிசுப்பேன். அவர் நிமிர்ந்து, "பாப்பா கேக்குது…" என்று ஆரம்பித்து உரக்கக் கேட்பார்.

மேல்சித்தாமூர் போய்ச் சேர்வதற்குள் கால் இரண்டும் மரத்துவிட்டன. அங்கே ஒரு ஜைனப் பெரியவர் எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். முதலில் கண்ணில் பட்டது முன்னால் நின்ற உயரமான கல் தூண். சித்தப்பா எழுதிக்கொண்டார். உள்ளே நின்ற சிலைகளைப் பார்த்ததும் நான் அவர் சட்டையை இழுத்தேன். நான் காதில் சொன்னதைக் கேட்டு அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். அப்புறம், "பாப்பா கேக்குது… சாமிக்கு ஏன் துணி இல்லன்னு" என்றார்.

பெரியவர் சிரித்தார். "அவரு எதுவும் வேணாம்னு ஒவ்வொண்ணா உட்டுட்டு வந்தாரு பாப்பா. துணியும் அதுல ஒண்ணு."

குளிராதா என்று மறுபடியும் காதில் கேட்டேன். இந்தத் தடவை அது பெரியவர் காதிலேயே விழுந்துவிட்டது.

"குளிரும். அப்பிடியும் வேணாம்னாரு பாரு, அதான்" என்றார்.

பொழுது சாய்வதற்கு முன்னாலேயே அவர் வீட்டில் சோறு போட்டார்கள். அவர்கள் இருட்டியபின் சாப்பிடுவதில்லையாம். சித்தப்பா அதையும் எழுதினார். எனக்கு வீடு வந்து சேர்ந்ததும் மறுபடி பசித்தது. அதை எழுதச் சொன்னேன், எழுதவில்லை.

அடுத்தது செஞ்சிக் கடைத்தெருப் பக்கம் இருந்த பள்ளிவாசல். சித்தப்பாவுக்குப் பழக்கமான தையல்கார பாய் ஒருவர் அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கை கால் முகம் கழுவும் முறையைக் காட்டினார். சித்தப்பா முதலில் காலைக் கழுவப் போக, பாய் அவர் கையைப் பிடித்துத் திருப்பி முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். நான் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே மூன்று மீன்கள். ஒன்றுக்கு வால் கிழிந்திருந்தது. பாசி பிடிக்காமல் இருக்க விட்டிருக்கிறார்கள் என்று பாய் சொன்னார். அந்த ஒரு வாரம் நான் வேறு எதையும் நினைக்கவில்லை. அதற்கடுத்த வாரம் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினோம். விரல் நுனியில் ஒட்டிய மெழுகைப் பிய்க்காமல் வீடு வரைக்கும் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டினேன்.

மூன்று வெள்ளிக்கிழமையும் வகுப்பு களைகட்டியது. எங்கள் தொடக்கப் பள்ளி ஒரு மணி முன்னதாகவே விட்டுவிடும். ஒன்பதாம் வகுப்பு ஜன்னலுக்குக் கீழே சித்தப்பாவுக்காகக் காத்திருப்பேன், அதனால் எல்லாம் கேட்கும். துணி இல்லாத கேள்வியை அங்கேயும் ஒரு பையன் கேட்டான். சித்தப்பா கூரையைப் பார்க்காமல் பதில் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இனி பாக்கி இருந்தது ஊர்ப் பெருமாள் கோயில் ஒன்றுதான். பக்கத்திலேயே இருக்கிறது, சைக்கிள்கூட வேண்டாம். ஆனால் சித்தப்பா அதைத் தள்ளிக்கொண்டே போனார், கடைசிப் புதன்கிழமை வரைக்கும். எங்கள் தெரு ஆட்கள் அந்தக் கோயிலுக்குப் போனதில்லை. எங்களுக்குத் தெருக்கோடியில் மாரியம்மன் இருந்தாள். அவரவர் வீட்டில் அவரவர் சாப்பிடுகிற மாதிரி, அவரவர் சாமி அவரவருக்கு என்று நினைத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் கோயில் தெரு முனையில், புளியமரத்தடியில் சித்தப்பா சைக்கிளை நிறுத்தினார்.

"நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. அஞ்சு கேள்வியும் ஞாபகம் இருக்குதில்ல?"

"நீ வரலியா சித்தப்பா?"

அவர் குனிந்து பின் சக்கரத்தைப் பார்த்தார். காற்று இறங்கின மாதிரி இருக்கிறது என்றார். நான் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. கண்ணால் பார்க்காததை எழுதக் கூடாதே என்று சட்டத்தை எடுத்துவிட்டேன்.

"உன் கண்ணும் என் கண்ணும் ஒண்ணுதான், போ" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. தனியாக, ஒரு வாத்தியாரின் கண்ணாகப் போகிறேன். செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டே வாசலுக்குப் போனேன். வாசற்படியை ஒட்டி ஓர் அம்மா துளசி கட்டிக்கொண்டிருந்தாள்.

"யார் வூட்டுப் பொண்ணு நீ?"

பேச்சு வரவில்லை. அவள் என் பாவாடையைப் பார்த்தாள், நான் வந்த வழியைப் பார்த்தாள்.

"ஓடைக்கு அந்தாண்டயா?"

தலையாட்டினேன்.

"இங்கியே நின்னு கும்புட்டுட்டுப் போ கண்ணு."

கோபமாகச் சொல்லவில்லை. ரெண்டு இணுக்குத் துளசியைக்கூட எடுத்து, கொஞ்சம் உயரத்திலிருந்து என் உள்ளங்கையில் போட்டாள். கை வேலையாக இருக்கிறாள், அதனால்தான் அப்படிப் போடுகிறாள் என்று நினைத்தேன். வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் கொடிமரம் தெரிந்தது. அதற்கு அப்பால் இருட்டு. இருட்டின் அடியில், கிணற்றுக்குள் தெரிகிற வெளிச்சம் மாதிரி, ஒரே ஒரு விளக்கு.

திரும்பி வந்தபோது சித்தப்பா பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு நின்றார். நான் உள்ளே போகவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. செருப்பைப் பற்றிச் சொன்னது நிஜம். கொடிமரம் நிஜம். தண்ணீரை நான் பார்க்கவே இல்லை.

"தொட்டி இருக்குது" என்றேன். "கால் கழுவிட்டுத்தான் உள்ள போறாங்க. மீன் இருக்குது."

"மீனா? எத்தன?"

"மூணு. ஒண்ணுக்கு வால் கிழிஞ்சிருக்குது."

சித்தப்பா வேகவேகமாக எழுதினார். மற்ற இடங்களில் ஐந்து கேள்வியோடு நிறுத்திக்கொண்டவர் இங்கே நிறுத்தவே இல்லை. தொட்டி எந்தப் பக்கம்? இடது மூலையில். எத்தனை படி? நாலு. உள்ளே வெளிச்சம் இருக்கிறதா? நான் சொல்லச் சொல்ல அவர் பென்சில் நின்றுவிட்டது. கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உள்ள சில்லுன்னு இருக்குதா?"

"சில்லுன்னு இருக்குது சித்தப்பா."

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னலுக்குக் கீழே. முதல் இரண்டு கேள்விக்கும் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு கத்தினார்கள். அடுத்துத் தண்ணீருக்கு வந்தார் சித்தப்பா.

"உள்ளே போவதற்கு முன் தொட்டியில் என்ன செய்கிறோம்?"

சத்தமே இல்லை. சித்தப்பா பிள்ளைகளுக்கு மறந்துவிட்டது என்று நினைத்து, எடுத்துக் கொடுத்தார். இடது மூலைத் தொட்டி, மூன்று மீன் இருக்குமே, அது.

"தொட்டி எங்க சார் இருக்குது?" என்றான் ஒரு பையன்.

இன்னொருவன் குளத்தைச் சொல்கிறாரோ என்றான். ஒரு பெண் சிரித்தாள். பின்னாலிருந்து யாரோ, மெதுவாகத்தான், ஆனால் ஜன்னல் வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"சார் எங்கடா உள்ள போயிருக்கப் போறாரு."

சிரிப்பு நின்றுவிட்டது.  போச்சு, வேலை போச்சு, வளத்திப் பெண்ணும் போச்சு, எல்லாம் என் மீனால் போச்சு என்று நான் பாவாடையை வாயில் திணித்துக்கொண்டேன்.

சித்தப்பாவின் குரல் கேட்டது. எப்போதும் பேசுகிற குரல்தான்.

"இதை நான் பார்க்கவில்லை. பார்க்காததை எழுதக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லிவிட்டு நானே எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடித்துவிடுகிறேன். நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்."

நாற்காலி இழுபடும் சத்தம். அவர் உட்கார்ந்துவிட்டார்.  தொட்டி எங்கே என்று கேட்ட அதே பையன் எழுந்து, தண்ணீர் செம்புப் பாத்திரத்தில் இருக்கும் சார், துளசி போட்டிருக்கும், கையில் மூன்று தடவை விடுவார்கள் என்றான். கையை எப்படிக் குழித்துக்கொள்வது என்று இன்னொருத்தி எழுந்து காட்டினாளாம். வலது கையை அப்படியே குழித்துச் சித்தப்பாவும் செய்து பார்த்தாராம். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் நோட்டை வாங்கி, அந்தப் பக்கத்தைத் திருப்பி, ஏன் நேரில் போகவில்லை என்று கேட்டார். தோதுப்படவில்லை என்றார் சித்தப்பா. இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். சிவப்பு மையில் அவர் எழுதியதைச் சித்தப்பா அப்புறம் எனக்குக் காட்டினார். இன்று மாணவர்கள் ஆசிரியருக்குக் கற்பித்தார்கள், நன்று என்று இருந்தது. கீழே கையெழுத்து. வேலை நிரந்தரம் ஆனது, வளத்தியிலிருந்து சித்தியும் வந்தாள்.

போன வாரம் மருமகள் பாடத்துக்குப் போட்டோ எடுக்க அந்தப் பெருமாள் கோயிலுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். யார் வீடு என்று வாசலில் யாரும் கேட்கவில்லை. அவள் விறுவிறு என்று உள்ளே போய்விட்டாள். நான் வாசற்படியில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் காலை எடுத்து வைத்தேன். முதலில் இடது மூலையைப் பார்த்தேன். ஒரு துடைப்பம் சாத்தியிருந்தது. உள்ளே நிஜமாகவே சில்லென்றுதான் இருந்தது. அந்த ஒன்றையாவது சரியாகச் சொல்லியிருக்கிறேன். சித்தப்பா இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

இன்ஸ்பெக்டர் வந்த அந்த வெள்ளிக்கிழமை, வீடு திரும்பும்போது ஓடை வந்ததும் சித்தப்பா இறங்கி, மணலில் சைக்கிளைத் தள்ளினார். நான் கேரியரில் உட்கார்ந்தபடியே, அவர் முதுகைப் பார்த்துச் சொல்லிவிட்டேன்.

"சித்தப்பா, நான் உள்ள போவல."

அவர் நிற்கவில்லை. மணலில் சக்கரம் அரைபடும் சத்தம் மட்டும் கேட்டது.

"எது வரைக்கும் போன?"

"வாசப்படி வரைக்கும்."

 ஓடையின் அந்தக் கரை ஏறியதும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நானும் உன் வயசுல அது வரைக்கும்தான் போனேன்."

எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா. அவருக்கும் அந்தத் துளசிக்கார அம்மா எதிரில் பேச்சு தொண்டையில் நின்றிருக்கிறது. ஊருக்கே பாடம் சொல்கிற வாத்தியார், அவரும் என்னை மாதிரிதான். கூச்சம் எங்கள் குடும்பத்துக்கே உள்ளது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவர் சட்டையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.