ஷரீபா பீவியின் பிரேக் ஆயில்

காயல்பட்டினத்து ஷரீபா பீவி பழைய கார் ஒன்றை வாங்கியதிலிருந்து கால் தரையில் பாவாமல் திரிந்தாள். துபாயிலிருந்து வெள்ளிக்கிழமை வரும் கணவர் காஜா முகைதீனைத் திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து தானே காரோட்டிக் கூட்டி வர வேண்டும். அது ஒன்றுதான் ஆசை. அவரோ, "பிரேக்ல சந்தேகம்னா டாக்சி பிடிச்சிருவோம்" என்று சொல்லிவிட்டார்.

வாங்கிய அன்றே மெக்கானிக் டெனிஸ், பேனா போன்ற ஒரு கருவியை பிரேக் ஆயிலுக்குள் விட்டுப் பார்த்தான். பச்சை விளக்கு எரிந்தது.

"தண்ணி சேரலக்கா. மஞ்சளோ சிவப்போ எரிஞ்சாத்தான் மாத்தணும்."

ஆனால் அந்த வீட்டில் மிக்ஸி வாங்கினாலும் வளைகுடாவில் இருக்கும் ஆண்கள் அத்தனை பேரும் வீடியோவில் பார்த்தாக வேண்டும். முதலில் கணவர் பிரேக் ஆயிலைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்தார். மறுநாள் ரியாத்திலிருந்து தம்பி முஹ்சின்.

"ராத்தா, ஆயில் சுலைமானி டீ நிறத்துலல்லா இருக்கு."

"ஒம் போன் கண்ணாடியத் துடைலே."

பிறகு தோஹாவில் இருக்கும் கொழுந்தன். பிறகு கணவரின் பக்கத்துக் கடைக்காரர். ஒவ்வொரு முறையும் பிரியாணிச் சட்டியைத் திறப்பதுபோல மூடியைத் திறந்துவைத்து, பேச்சு முடியும்வரை பெருமையாக நின்றாள் ஷரீபா.

வியாழக்கிழமை டெனிஸ் மறுபடி பார்த்தான். மஞ்சள்.

"மூடியத் திறந்தே போட்டியளாக்கா?"

"துபாய், ரியாத், தோஹா எல்லாரும் பாத்தாங்க."

டெனிஸ் சிரித்துவிட்டான். "அம்புட்டு நேரமும் ஆயில் கடல்காத்து ஈரத்தக் குடிச்சிருக்கு. தூர ஓட்டத்துல சூடேறுனா அந்தத் தண்ணி ஆவியாயிரும். பெடல் பஞ்சு மாதிரி இறங்கும், பிரேக் பிடிக்காது."

"இப்பவே மாத்திருவியா?"

"மாத்தலாம். நீங்க ஏறி பிரேக்க மிதிக்கணும்."

அவள் ஏறி உட்கார்ந்தாள். சக்கரத்தடியிலிருந்து டெனிஸின் குரல் வந்தது: "மிதிங்க. பிடிச்சுக்கோங்க. பைய விடுங்க." பழைய ஆயில் வெளியேற வெளியேற அவளுக்குச் சிரிப்பு பொங்கியது. கடைசியில் பச்சை எரிந்தது. மூடியைத் தன் கையாலேயே திருகி இறுக்கிவிட்டு, ஆயில் மாற்றிய சேதியைக் கணவருக்கு அனுப்பினாள்.

போன் அடித்தது. கணவர்தான்.

"மாத்தியாச்சா? எங்க, திற பாப்போம்."

"திறக்க மாட்டேன்."

"ஒரு நிமிசம்தான்."

"அர நிமிசமும் கெடையாது. நாளைக்கு பெட்டியோட ஏர்போர்ட் வாசல்ல வந்து நில்லுங்க. பிரேக் பிடிக்குதா இல்லையான்னு ஒங்க முன்னாலயே நிப்பாட்டிக் காட்டுதேன்."