மனையடிக்கு ஒத்துவராத அறை

தங்கைக்குச் சீதனமாக எழுதப்போகிற வீட்டைத் திருத்தித் தர வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னபோதே, அந்த வேலை என் தலையில்தான் விழும் என்று தெரியும். அம்மா இல்லை. ஐயா பஞ்சாங்கம் பார்ப்பார், நாள் குறிப்பார். மிச்சமெல்லாம் நான். மூத்தவளுக்குக் கலியாணம் ஒப்பேறாவிட்டால் வீடு இளையவளுக்குப் போவது எங்கள் கரவெட்டியில் புதினமில்லை. நான் குறை சொல்லவும் இல்லை. விறாந்தையோடு ஒட்டிய சின்ன அறை மட்டும் எனக்கென்று இருக்கட்டும் என்று கேட்டேன். ஐயா தலையாட்டினார்.

உடுவிலுக்கு பஸ் மாறி ஏறிப் படிப்பிக்கப் போகிறவள் நான். காலையில் மேசன்மாருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவேன். பின்னேரம் வந்து அவர்கள் செய்யாமல் விட்டதைப் பார்ப்பேன். சீமெந்துக்குத் தட்டுப்பாடான காலம். சங்கக்கடையில் வரிசையில் நின்று வாங்கியதும் மழையில் நனைந்து கட்டிபட்டுப் போனது. மணல் வந்தால் மேசன் வரமாட்டார். மேசன் வந்தால் கூலியாட்கள் வெங்காயம் கிண்டப் போயிருப்பார்கள். பாதிச் சுவர் இல்லாத வீட்டில் நானும் தங்கையும் பழைய சேலையைக் கட்டி மறைத்துக்கொண்டு உடுப்பு மாற்றினோம். தலையில் படிந்த சுண்ணாம்பைப் பார்த்து, ரீச்சருக்கு நரைத்துவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

கூடத்துச் சுவர் இடுப்பளவு எழுந்த பிறகுதான் ஐயாவுக்கு அளந்து பார்க்கத் தோன்றியது. நீளம் மனையடி சாத்திரத்தில் ஆகாத எண்ணில் வந்து நின்றது. அந்த அளவில் குடியிருந்தால் வறுமையாம். கட்டிய சுவரை இடித்து, என் அறைப் பக்கமாக ஒரு அடி தள்ளிக் கட்டினார்கள். கூடம் சரிவந்தது. இப்போது என் அறை ஆகாத எண்ணுக்கு வந்துவிட்டது. மேசன் தலையைச் சொறிந்தார். ஐயாதான் வழி கண்டுபிடித்தார்.

"ஆக்கள் குடியிருக்கிற அறைக்குத்தானே கணக்கு. உந்த அறையைச் சாமான் அறை எண்டு விடுவம்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. விறாந்தைப் பக்கம் இன்னும் ஒரு அடி எடுத்தால் என்ன என்று கேட்டேன். விறாந்தை ஒடுங்கிப்போனால் மாப்பிள்ளை வீட்டாருக்கு எங்கே கதிரை போடுவது என்றார் ஐயா. சண்டை பிடிக்க உடம்பில் தெம்பில்லை. என்ன பெயர் சொன்னாலும் கட்டில் போடலாம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். யன்னலுக்கு நானே நீலப் பெயின்ற் பூசினேன்.

குடிபூரல் அன்று பால் காய்ச்சி முடிந்ததும் மாப்பிள்ளையின் தாய் வீடு பார்க்க எழும்பினார். நான் தேத்தண்ணீர்த் தட்டோடு பின்னால் போனேன். குசினி, கூடம், ஓடு எல்லாம் அவருக்குப் பிடித்திருந்தது. சின்ன அறைக் கதவைத் திறந்தார். உள்ளே என் கட்டிலும் புத்தகங்களும்.

"உது சாமான் அறை," என்றார் ஐயா.

"அப்ப மூத்த பிள்ளை எங்கை படுக்கிறவ?"

ஐயா என்னைப் பார்க்கவில்லை. நீல யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பிள்ளைக்கு உடுவிலிலைதானே வேலை. இந்தக் கலியாணம் முடிஞ்சாப்பிறகு அங்கையே போய் நிக்கப்போறா."

இதை எனக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. தங்கையைப் பார்த்தேன். அவள் குனிந்து நிலத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அழுகை வரவில்லை, அவ்வளவு களைத்திருந்தேன்.

"ஓம் மாமி," என்றேன். ஆறமுன் குடிக்கச் சொல்லித் தட்டை நீட்டினேன்.