வாழை மரத்தின் மேல் மூன்று நாள்

சனிக்கிழமை, பிற்பகல் மூன்று இருபது. மைசூர் நிலையத்தில் பயத்தோடு இறங்கினேன். பெங்களூரிலிருந்து எண்பத்தேழு மைல். வழியில் மத்தூரில் எல்லாரும் வடை வாங்கித் தின்றார்கள். நானும் இரண்டு வாங்கினேன். ஒன்றைக்கூட விழுங்க முடியவில்லை. நான் வடையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்ததை என் வீட்டார் பார்த்திருந்தால் உடனே வைத்தியருக்கு ஆள் அனுப்பியிருப்பார்கள்.

பயத்துக்குக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் புதுச்சேரியில் ஒரு குமாஸ்தா. இரண்டு வருஷத்துக்கு முன்னால், அல்ஜீரிய நாவலாசிரியர் ஒருவர் பிரெஞ்சில் எழுதிய நாவலைத் தமிழில் பெயர்த்தேன். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவருக்கு நான் ஏற்கெனவே செய்த தீங்கு போதும். அவருடைய நாடு விடுதலை பெற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர் மைசூரில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் பேச ஒப்புக்கொண்டாராம். பக்கத்தில் நின்று மொழிபெயர்க்க நான் வர வேண்டும் என்று கடிதம் வந்தது.

புதுச்சேரிக்காரன் என்றால் தொட்டிலிலேயே பிரெஞ்சில் அழுதவன் என்று வெளியூரில் ஒரு நம்பிக்கை உண்டு. அதைக் கெடுக்க எனக்கு இதுவரை மனம் வந்ததில்லை. உண்மையில் என் பிரெஞ்சு கண்ணோடு சரி. காகிதத்தில் பார்த்தால் புரியும். வாய்க்கு வரச் சொன்னால், கூப்பிட்ட குரலுக்கு வராத பூனை மாதிரி பரண்மேல் உட்கார்ந்துகொள்ளும்.

நிலையத்திலிருந்து தேவராஜ மொஹல்லாவுக்கு டாங்காக் குதிரைவண்டி வாடகை எழுபத்தைந்து நயா பைசா. மார்க்கெட்டுக்குப் பின்னால் மூன்றாவது சந்தில், கடிதம் எழுதிய திருநாராயணன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கல்லூரியில் கன்னடம் கற்பிப்பவர். மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார் குடும்பம். பல தலைமுறையாக வீட்டில் பேச்சு தமிழ்தான், ஆனால் எழுத்துக் கூட்டிக்கூடத் தமிழ் படிக்கத் தெரியாது.

“வாங்கோ ஸார், பயணம் சுகமா? உங்க புஸ்தகத்தைக் கன்னடத்துல பெயர்த்து முடிச்சுட்டேன். நாளைக்கு நானும் வாசிக்கறேன்.”

“படிக்கத் தெரியாதே, எப்படி?”

“ஆத்துக்காரி படிச்சுச் சொல்வோ, நான் கன்னடத்துல எழுதுவேன். ஸ்ரீரங்கத்துப் பொண்ணு. கண்ணு இவோளது, கை என்னது, இல்லையா சிங்காரம்மா?”

உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். என்னை ஏற இறங்கப் பார்த்து, “நீங்கதானா அது?” என்றார். அந்த ‘அது’ எனக்குப் பிடிக்கவில்லை.

மாலை ஐந்து மணிக்கு, லாட்ஜில் தங்கியிருந்த நாவலாசிரியரைப் பார்க்கப் போனோம். நாற்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, நரைத்த மீசை, பழைய கம்பளிக் கோட்டு. என் மனப்பாட வரவேற்புரையை நான் ஆரம்பித்து இரண்டாவது வாக்கியத்தில் வழி தவறியதும், அவர் நிதானமாக, குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல ஒவ்வொரு சொல்லாகப் பேச ஆரம்பித்தார். கவலையோடு கேட்டேன். முக்கால்வாசி புரிந்தது.

மலைக் கிராமத்தில் பிறந்தவர். தந்தை பிரான்சுக்குப் போய் நிலக்கரிச் சுரங்கத்தில் இருமி இருமிச் சம்பாதித்தார். பள்ளிக்கூடத்தில் வீட்டு மொழி பேசினால் விரல் கணுவில் அடி. பிறகு அவரே வாத்தியாரானார், அதே பிரெஞ்சைக் கற்பித்தார், அதிலேயே நான்கு நாவல் எழுதினார். “என் தாயின் மொழிக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. என்னிடம் இருந்த பேனா இது ஒன்றுதான். அடித்தவர்களுடைய பேனா. என் தாய் என் புத்தகத்தில் ஒரு வரி படித்ததில்லை.”

நான் இதைத் தமிழில் சொன்னதும் திருநாராயணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நம்ம கதைதானே ஸார். ஆத்துல ஒரு பாஷை, காகிதத்துல ஒரு பாஷை” என்றார். முதல் நாள் தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கினேன். அந்தப் பயணத்தில் நான் தூங்கிய தூக்கம் அதோடு சரி.

ஞாயிறு, காலை எட்டு மணி. அவர் மார்க்கெட்டைப் பார்க்க வேண்டும் என்றார். திருநாராயணன் கூட்ட ஏற்பாட்டுக்குப் போய்விட்டதால் நாங்கள் இருவர் மட்டும். மல்லிகைக் குவியல், குங்குமக் கோபுரங்கள், தலையில் கூடையோடு “தாரி, தாரி” என்று வழி கேட்டு இடித்துக்கொண்டு போகும் கூலியாட்கள். வாழைக்காய் மண்டி வரிசையில் நஞ்சன்கூடு ரசபாளெ பழம் மணத்துக்கொண்டிருந்தது. அடுத்த கடையில் கயிற்றில் கோத்துத் தொங்கிய ஒரு சரத்தைப் பார்த்து அவர் நின்றுவிட்டார். காய்ந்து சப்பையாகிப்போன அத்திப்பழம். சரம் ஒன்றேகால் ரூபாய். “அஞ்சூரா, ஸார், ஒள்ளே மாலு,” அத்தி, நல்ல சரக்கு என்றார் கடைக்காரர்.

நாவலாசிரியர் ஒரு பழத்தைக் கையில் எடுத்து முகர்ந்தார். கண் கலங்கியது. “ஃபிக்!” என்றார்.

ரத்தம் உறைந்தது என்று கதைகளில் எழுதுவார்களே, அது உண்மைதான். முதலில் காதில் ஆரம்பிக்கும்.

எனக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த வாத்தியார் ரெயூனியோன் என்ற பிரெஞ்சுத் தீவுக்காரர். அந்தத் தீவில் வாழைப்பழத்துக்குத்தான் ‘ஃபிக்’ என்று பெயர். தினமும் நான்கு மணிக்கு ஒரு வாழைப்பழத்தை உரித்து “ஃபிக்” என்பார். நாங்களும் நாக்கில் நீர் ஊற “ஃபிக்” என்போம். நாவலில் ஃபிக் மரம் வந்த இடமெல்லாம் வாழை மரம் என்று எழுதினேன். அகராதி பார்த்திருக்கலாமே என்பீர்கள். தெரியாத சொல்லுக்குத்தானே அகராதி? எனக்கு இது தெரிந்த சொல்.

ஏழாம் அத்தியாயத்தில் கதாநாயகனின் அண்ணன், சிப்பாய்களுக்குத் தப்பி, தாய் வளர்த்த அந்த மரத்தின் மேல் ஏறி மூன்று நாள் ஒளிந்திருக்கிறான். மூன்றாம் நாள் சுட்டு வீழ்த்துகிறார்கள். வாழை மரத்தின் மேல் மூன்று நாளா என்று எனக்கே அப்போது உறுத்தியது. உறுத்தலைப் போக்க, மூலத்தில் இல்லாத ஒரு வாக்கியத்தைச் சொந்தமாகச் சேர்த்தேன்: ‘அந்நாட்டு வாழை பனை உயரம் வளர்ந்து, பல கிளை விட்டுப் படரும்.’

“அந்த மரம் கற்பனை இல்லை” என்றார் அவர், பழத்தைப் பார்த்தபடியே. “அது என் அண்ணன். இன்று ஏழாம் அத்தியாயத்தைத்தான் வாசிக்கப் போகிறேன். மரத்தின் பெயரை மட்டும் உங்கள் மொழியில் நானே சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது?”

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல தருணம் வராது. நான் வாயைத் திறந்தேன். பயம் முந்திக்கொண்டது.

“வாழை” என்றேன்.

“வாஜே. வாலே.” பத்தடி நடக்கும் வரை சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். இருபுறமும் தார் தாராக வாழைப்பழம் தொங்கியது. யாராவது அவருக்கு எதையாவது காட்டிப் பெயர் சொல்லிவிடுவார்களோ என்று, துரத்தப்பட்டவன்போல அவரை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நாலு மணிக்கு ஒரு சபை முழுவதும் நிறைந்திருக்கும். அதன் முன் இந்த மனிதர், என் அண்ணன் வாழை மரத்தில் ஏறினான் என்பார். சபை சிரிக்கும். செத்துப்போன அண்ணனைப் பார்த்துச் சிரிக்கும்.

பகல் பன்னிரண்டு. திருநாராயணன் வீட்டில் சாப்பாடு. ஆசாரமான வீடுதான், ஆனால் அவர் நாவல் படித்துக் கெட்டுப்போனவர். விருந்தாளியைத் தம் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டார். சிங்காரம்மா இலை போட்டார்.

“நல்ல நுனி வாழை இலையா கெடச்சுது. தண்ணி தெளிச்சுக்கச் சொல்லுங்கோ அவரை.”

நாவலாசிரியர் தலையை நிமிர்த்தினார். “வாழை?” என்று மிகச் சரியாக உச்சரித்தார். இப்படியா அந்த ‘ழ’ வந்து தொலைய வேண்டும்!

“ஆமாம், வாழை!” சிங்காரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். “தமிழ் கூட வர்றதே!” இலையைத் தட்டிக் காட்டினார். வாழைக்காய்க் கறியைக் காட்டினார். கொல்லைக் கதவைத் திறந்து, கிணற்றடியில் நின்ற வாழையையும் காட்டினார். மனிதன் மாட்டிக்கொள்ள இத்தனை சாட்சி தேவையே இல்லை.

அவர் கொல்லை மரத்தை வெகு நேரம் பார்த்தார். பிறகு என்னை.

“என் அண்ணன் உங்கள் புத்தகத்தில் எங்கே ஒளிந்திருக்கிறான்?”

“அதில்” என்றேன்.

“அதில் ஒளிய முடியுமா?”

“முடியாது.”

“அப்படியானால் உங்கள் மொழியில் அவனை முதல் நாளே பார்த்துவிட்டார்கள்.”

ரசம் ஆறிக்கொண்டிருந்தது. அவர் இலையை மடிக்காமல் எழுந்து கை கழுவினார். “நாலு மணிக்கு உங்கள் புத்தகத்தில் இருப்பதை வாசியுங்கள். எனக்குக் கேட்க வேண்டும்” என்று சொல்லிவிட்டு, தனியாகத் தெருவில் இறங்கி நடந்தார்.

விஷயத்தைச் சொன்னதும் திருநாராயணன் தூணைப் பிடித்துக்கொண்டார். “ஐயய்யோ, என் கன்னடத்துலயும் அதானே ஸார் இருக்கும்! நம்ம காலேஜ் பூரா வருமே!” தாம் எழுதியது எந்த மரம் என்று இப்போது அவருக்கு நினைவில்லை, கைப்பிரதி கூட்ட மண்டபத்தில் இருந்தது. சிங்காரம்மா இலைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நேற்று மத்தூரிலேயே இறங்கி ஒளிந்திருக்கலாம் என்று தோன்றியது. எதன் மேல் ஏறி என்றுதான் தெரியவில்லை.

நாலு மணி. வாசகசாலை மண்டபத்தில் தமிழ் தெரிந்தவர்களும் கன்னடக்காரர்களுமாக இருநூறு பேர். அவர் பிரெஞ்சில் வாசித்தார். ஒருவருக்கும் புரியவில்லை, ஒருவரும் அசையவில்லை. பிறகு நான். ‘தாய் நட்ட வாழை’ என்ற இடம் வரைக்கும் வாசித்தேன். புத்தகத்தை மூடினேன்.

“இது வாழை இல்லை. அத்தி. கிளை விட்ட வாழை உலகத்தில் எங்கும் கிடையாது, அதை நான்தான் முளைக்கவைத்தேன். தப்பு என்னுடையது. மரத்தின் மேல் இருந்தது இவருடைய சொந்த அண்ணன்.”

பின்வரிசையில் தலைப்பாகை கட்டிய ஒருவர் எழுந்தார். “ஏனுங்க, நான் மார்டள்ளி ஊருங்க. அந்தப் பனை உசர வாழைக்குக் கன்னு வேணும்னு உங்களுக்கு மூணு காயிதம் போட்டனுங்க. விடிய எந்திரிச்சு பஸ் புடிச்சு வந்திருக்கறேன். அப்ப கன்னு கெடைக்காதுங்களா?”

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. நாவலாசிரியர் என் பக்கம் சாய்ந்து, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்டார். பயந்துகொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “என்னைப் பார்த்து இல்லையே?” என்றார். “இல்லை, என்னைப் பார்த்து” என்றேன். “சரி” என்று நேராக உட்கார்ந்துகொண்டார்.

அடுத்து, வெளிறிப்போன முகத்தோடு திருநாராயணன் கன்னடத்தில் வாசித்தார். ஒவ்வொரு வரியையும் வெடிகுண்டைத் தொடுவதுபோல மெதுவாகத் தொட்டார். வாழை வரவில்லை. ‘மர’ என்றே வந்தது. மரம் மட்டும். என் சொந்தச் சரக்கான கிளை விட்ட வாழையும் காணோம். பக்கத்துக்குப் பக்கம் அவர் குரல் ஏறிற்று. முடிந்ததும் பெண்கள் வரிசையில் இருந்த சிங்காரம்மாவைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

கூட்டம் கலைந்ததும் சிங்காரம்மாவைப் பிடித்தோம்.

“வாழைன்னு போட்டிருந்துது. நான்தான் மரம்னு மட்டும் படிச்சேன். இவருக்கு என்ன தெரியப் போறது?”

“ஏன்டி என்கிட்ட சொல்லலை?”

“சொன்னா, மூலத்துல அப்படித்தான் இருக்குன்னு சண்டைக்கு வருவேள். வாழைல ஏறினா வழுக்கிண்டு விழுந்துடுவானே. மூணு நாளாவது அந்தப் பிள்ளை அங்க இருக்கணுமோல்லியோ?”

இதை நான் நாவலாசிரியரிடம் பிரெஞ்சில் சொன்னேன். ஒரு சொல்லும் பரணில் ஏறவில்லை. அவர் சிங்காரம்மாவின் முன் தலை குனிந்து நின்றார்.

திங்கள், காலை எட்டு. நிலையத்துக்கு ஒரே டாங்காவில் போனோம். முந்தின மாலையிலிருந்து அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பாதி வழியில் டாங்காக்காரரின் தோளைத் தட்டி, மண்டபத்தில் கேட்ட சொல்லை நினைவு வைத்து, “அத்தி?” என்றார். என்னைக் கேட்கவில்லை. நியாயம்தானே. கன்னடத்திலும் அதே பெயர்.

“அத்தி மரானா? அல்லிதெ நோடி” என்று டாங்காக்காரர் சாட்டையை நீட்டினார். சாலையோரத்தில் ஒரு நாட்டு அத்தி. அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்.

இறங்கிப்போய்ப் பட்டையைத் தடவினார். “இது அது இல்லை. உறவுக்காரன்.” அண்ணாந்து கிளைகளைப் பார்த்தார். பிறகு, “ஏறுங்கள்” என்றார்.

டாங்காக்காரரிடம் சொல்கிறார் என்று நினைத்தேன். என்னிடம்தான்.

எனக்கு வயது நாற்பத்தாறு, எடை சொல்வதற்கில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினேன். முதல் கிளையில் முழங்கை சிராய்த்தது. இரண்டாவதில் எறும்புகள் என்னைக் கண்டுபிடித்தன. மூன்றாவதில், பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு, மரத்தைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்தேன். கீழே அவர் மரத்தைச் சுற்றி நடக்கும் சத்தம் கேட்டது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. நின்றார்.

“தெரியவில்லை” என்றார். குரல் உடைந்திருந்தது. “இங்கிருந்து பார்த்தால் ஆள் தெரியவில்லை.”

இலை இடுக்கு வழியாகப் பார்த்தேன். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சிப்பாய் நின்றிருக்கக்கூடிய இடத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் எறும்பு கடித்தது. ரயிலுக்கு இன்னும் பதினைந்து நிமிஷம்தான் இருந்தது. அவராகக் கூப்பிடுகிற வரைக்கும் நான் அசையவே இல்லை.