மோட்டார் கொட்டகையில் பூண்டு

என் அக்கா புருஷன் நசுருதீனைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கு வயிறு எரியும். மனிதர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு நானும் நிம்மதியாகக் கடையைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன். தங்கமான மனிதர். அங்கேதான் வந்தது வினை. யார் எதைக் கேட்டாலும் "அதுக்கென்ன, சரி" என்பார். "முடியாது" என்று சொல்லவேண்டிய இடம் வந்தால் பழந்துணியை எடுத்துக் கையைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். கையில் அழுக்கே இல்லாவிட்டாலும் துடைப்பார்.

ஆயக்குடிக்காரர். அவருடைய அத்தா கொய்யாக் கூடை சுமந்து பழநியில் விற்றவர். மகனுக்குக் கூடை பிடிக்கவில்லை. மீசை முளைப்பதற்கு முன்பே மதுரைக்குப் போய் ஒரு மோட்டார் பட்டறையில் சேர்ந்துவிட்டார். அங்கேயே வேலை, அங்கேயே சாப்பாடு, படுக்கை எல்லாம் பட்டறைத் தரையில். என் அக்கா ஷம்ஷாதைக் கட்டிய பிறகும் அதே கதைதான். எப்போதாவது ஒரு வெள்ளிக்கிழமை மலையேறி வருவார், சனிக்கிழமை இறங்கிவிடுவார். மகள் மரியம் அவரை வாசலில் கண்டதும் உள்ளே ஓடி, "அம்மா, மதுரைக்காரர் வந்திருக்காக" என்று சொல்லுவாள். அக்கா சிரிப்பது போலச் சிரித்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்காமல் நான் நாயுடுபுரத்தில் இருக்கும் என் மளிகைக் கடைக்குத் திரும்பிவிடுவேன்.

அக்காவுக்கு எங்கள் அத்தா சீராகக் கொடுத்த நிலம் ஒன்று பெருமாள்மலைக்குக் கீழே மலைப்பாதை வளைவில் கிடந்தது. சின்ன வீடு, சரிவில் நாலு பேரி மரம், மீதியெல்லாம் கல். கீழேயிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிவருகிற மோட்டார்களெல்லாம் சொல்லிவைத்த மாதிரி அந்த வளைவில்தான் தண்ணீர் கொதித்து நிற்கும். மச்சான் ஊரில் இருக்கிற நாளாக இருந்தால் சாப்பிட்ட கையோடு ஓடிப்போய்ப் பார்ப்பார். காசு கேட்க மாட்டார். அதுவும் தனி எரிச்சல்.

ஒருநாள் அப்படி நின்றது வத்தலக்குண்டு தண்டாயுதபாணியின் பஸ். மலைக்குப் பஸ் விடுகிற மனிதர், அன்றைக்கு வண்டியில் அவரே இருந்தார். மச்சான் வேலை செய்கிற விதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"இந்தா பாரு நசுருதீனு, மேல ஏறுற வண்டி பூரா ஒன் வாசல்லதான் வந்து நிக்கிது. நீ என்னத்துக்கு மதுரையில போயி கெடக்க? இங்கனயே ஒரு மோட்டார் செட்டுப் போடு. வண்டிய உள்ள விடணும், குழியில எறங்கி அடியில பாக்கணும். சித்திரை பொறக்குறதுக்குள்ள போட்டுட்டேன்னா என் வண்டிக வேல பூரா ஒனக்குத்தான்."

அக்கா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கலியாணத்தன்றுகூட அவ்வளவு வெளிச்சம் இல்லை. மதுரை முதலாளி நல்லவரோ என்னவோ, சித்திரை வரைக்கும் மச்சானின் இடத்தில் வேறு ஆள் போடுவதில்லை என்று சம்மதித்தார். அதற்குள் கொட்டகை நின்றால் மச்சான் வீட்டு மனிதர். நிற்காவிட்டால் மறுபடியும் மதுரைக்காரர்.

கொடைக்கானலில் பங்களா கட்டுகிற மேஸ்திரி ஒருவர் வந்து இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு கணக்குச் சொன்னார். நான் அவருக்கு ஒரு தம்ளர் டீ கொடுத்து அனுப்பிவைத்தேன். அந்தக் காசுக்கு மச்சான் ஒரு பஸ்ஸே வாங்கிவிடலாம்.

"பாத்துக்கிரலாம் ஒலியுல்லா. கல்லு நம்ம நெலத்துலயே கெடக்கு. மரம் எங்கயாச்சும் கெடைக்கும். நாலு பேரு ஒத்தாசை பண்ண மாட்டாகளா?" என்றார் மச்சான்.

பண்ணினார்கள். அதுதான் தப்பாகப் போயிற்று.

கல்லை மச்சானே உடைத்தார். சுவரும் அவரே வைத்தார். சுவர் கொஞ்சம் வளைந்திருந்தது, ஆனால் விழவில்லை. மேலே ஒரு பங்களாத் தோட்டத்தில் கற்பூர மரங்கள் வெட்டிக் கிடந்தன. ரொம்ப மலிவாகக் கிடைத்தன. அவற்றைச் சுமந்து வந்து தூணும் கூரைக் கைமரமும் தூக்கி நிறுத்த, கீழ்ச்சரிவுக் காட்டில் குடியிருக்கும் நாகனும் அவன் மனைவி ஒய்யம்மாளும் வந்தார்கள். வேலை முடிந்ததும் நாகன் மச்சானிடம் நேராகச் சொன்னான்: "பாய், கூலியக் குடுத்துருங்க. ஒத்தாசைன்னு வச்சுக்கிட்டா நாளைக்கி நீங்களும் என்னையக் கூப்புடுவீங்க, நானும் ஒங்களக் கூப்புடுவேன். எதுக்கு அந்தச் சோலி?" கூலியை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு அவன் பாட்டுக்குப் போனான். அந்தக் கொட்டகை விஷயத்தில் எங்களுக்குத் தொந்தரவு தராத ஒரே ஆள் நாகன்தான். மச்சான் அதிலிருந்து ஏதாவது கற்றுக்கொண்டாரா என்றால், இல்லை.

கூரைக்குத் தகரம் வேண்டும். புதுத் தகரம் வாங்க வழியில்லை. அப்போதுதான் எங்கள் தாய்மாமன் பிச்சை முகம்மது உள்ளே நுழைந்தார். கொடைக்கானல் கடைவீதியில் பூண்டு வியாபாரம் செய்கிறவர். பூம்பாறைப் பக்கத்துப் பூண்டு முக்கால்வாசி அவர் கை வழியாகத்தான் மலையிறங்கும். அவருடைய பழைய கிடங்கைப் பிரித்த தகரம் சும்மா கிடந்தது.

"எடுத்துக்கங்க மாப்ளே. ஒங்களுக்கு இல்லாத தகரமா? காசு கீசுன்னு பேசுனீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்" என்றார்.

பிச்சை மாமா சும்மா கொடுத்ததாக எங்கள் குடும்பத்தில் யாருக்கும் நினைவில்லை. பாதிக் காசையாவது அவர் கையில் திணித்துவிடுங்கள் என்று மச்சானிடம் தலையால் அடித்துக்கொண்டேன். "மாமா மனசு வருத்தப்படுமேப்பா" என்றார். மற்றவர்கள் ஆணி அடிக்கிற இடத்தில் எல்லாம் மச்சான் நட்டும் போல்ட்டும் போட்டுத் தகரத்தை முடுக்கினார். மோட்டார்க்காரர் புத்தி. பிறகு நடுவில் ஆள் இறங்கி நிற்கிற ஆழத்துக்கு நீளமாகக் குழி வெட்டி, இரண்டு பக்கமும் கல் பதித்தார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பங்குனி பாதி கூட ஆகவில்லை. அக்கா கொட்டகை வாசலைத் தண்ணீர் தெளித்துப் பெருக்கினாள்.

மறுநாள் வெள்ளனே பொதிக்குதிரைகள் வந்து நின்றன. மாமாவின் பூண்டு.

"கொஞ்ச நாளைக்குத்தான் மாப்ளே. என் கெடங்கு நெறஞ்சு கெடக்கு. நம்ம செட்டுல கைமரம் நல்லாத் தோதா இருக்கு. கட்டித் தொங்கவிட்டாப் போதும்" என்றார். நம்ம செட்டு!

"அதுக்கென்ன மாமா, சரி."

கட்டுக் கட்டாகத் தொங்கியது. நிமிர்ந்தால் தலையில் பூண்டு. அதோடு போயிருந்தால்கூட நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். மலைப்பூண்டு வெயிலில் மட்டும் காயாது, கீழே புகை போட வேண்டும். புகை போட்டால்தான் நிறமும் வரும், கெடாமலும் நிற்கும். மலையில் எல்லார் வீட்டிலும் அடுப்புக்கு மேலே பூண்டு தொங்குவது அதற்குத்தான். மாமா கொட்டகைக்குள் சுற்றும்முற்றும் பார்த்தார். கல் பதித்த குழியைக் கண்டார். புகை போடுவதற்கென்றே வெட்டி வைத்தது மாதிரி இருந்தது அவருக்கு.

அடுத்த முறை நான் போனபோது குழிக்குள் ஈர விறகு கனன்றுகொண்டிருந்தது. ஓரமாகப் பெட்ரோல் டின். அந்தக் குழியில் குனிந்து விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தவர் யார்? மாமா இல்லை. மாமாவின் ஆளும் இல்லை. மச்சான்!

"மச்சான், இது மோட்டார் செட்டா, மாமா வீட்டு அடுப்படியா?" என்று கத்தினேன்.

"அணைஞ்சா பூண்டு வீணாப் போயிருமாம்ப்பா. மாமா சொல்லிட்டுப் போயிருக்காக" என்று சொல்லிக்கொண்டே துணியை எடுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பெட்ரோல் டின்னை நானே தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்குப் பின்னால் வைத்தேன்.

கடைவீதிக்குப் போய் மாமாவைப் பிடித்தேன். "ஏலே, பூண்டு என்ன மோட்டாரக் கடிச்சா வச்சிரும்? ஓசித் தகரத்துல செட்டுப் போட்டுட்டு எனக்கே நாயம் பேசுறியா?" என்று கடை நிறைய ஆள் இருக்கும்போது கேட்டார். நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினேன். கொஞ்ச நாளைக்கு என்றவர் அடுத்த வாரம் இன்னும் நாலு பொதி இறக்கினார்.

சித்திரை பிறக்க மூன்று நாள் இருந்தது. கோடை மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையில் தண்டாயுதபாணி, கடகடவென்று சத்தம் போட்ட தன் பஸ்ஸோடு வந்து இறங்கினார். கொட்டகையைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம். குடையை மடக்கிக்கொண்டு உள்ளே போனவர், போன வேகத்திலேயே இருமிக்கொண்டு வெளியே வந்தார்.

"என்னப்பா இது? குழிக்குள்ள நெருப்பு கெடக்கு!"

மச்சான் கையைத் துடைத்தார். பிறகு கோணியை விரித்து, மழையிலேயே பஸ்ஸுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். சேறு காதுவரைக்கும் ஏற, சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் எழுந்தார். தண்டாயுதபாணி அந்த வேலைக்கு உண்டான காசைக் கொடுத்துவிட்டு, ரொம்ப மெதுவாகத்தான் சொன்னார்:

"வேல சுத்தம். ஒன்னையக் கொற சொல்ல மாட்டேன். கூரை ஒழுகுனாக்கூடப் பொறுத்துக்கிருவேன். குழியில நெருப்பு வச்சிருக்கவன்ட்ட எப்பிடிப்பா வண்டிய விடுறது?"

பஸ் போய்விட்டது. இப்போதாவது மாமாவிடம் போய்ப் பேசுங்கள் என்று கெஞ்சினேன். "தகரம் குடுத்த மனுசன்ட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசுறது?" என்றார். உள்ளே போய்ச் சாமான்களைத் தகரப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார். சுத்தியல், ஸ்பேனர், ஒரு மாற்று வேட்டி. மதுரைக்கு.

மறுநாள் காலையில் மச்சான் பெட்டியோடு வளைவில் நின்றுகொண்டிருந்தார். கீழே போகிற பஸ் இன்னும் வரவில்லை. மரியம் வாசற்படியில் உட்கார்ந்து, "மதுரைக்காரர் போறாக" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அக்கா அதைக் கேட்டாள். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்குள் போனாள். குழியிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. திரும்பிவந்து இன்னொரு குடம் எடுத்துப் போனாள். "ஒலியுல்லா, பூண்ட எறக்கு" என்றாள். இந்த ஒரு சொல்லுக்காக எத்தனை நாள் காத்திருந்தேன்! கட்டுகளையெல்லாம் அவிழ்த்து, நனையாமல் வீட்டு வராந்தாவில் அடுக்கினோம்.

பாதி அடுக்குவதற்குள் மாமாவே பொதிக்குதிரைகளோடு வந்து நின்றார், இன்னும் கொஞ்சம் பூண்டோடு. வராந்தாவைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். அவர் போட்ட சத்தத்தில் குதிரைகள் மிரண்டன.

"என் தகரத்துக்குக் கீழ என் பூண்டுக்கு எடமில்லையா? அம்புட்டுத் தூரத்துக்கு ஆயிப்போச்சா? அப்ப என் தகரத்தக் கழட்டிக் குடுங்க! இப்பவே குடுங்க!"

மச்சான் பெட்டியைக் கீழே வைத்தார். திறந்தார். அவர் கை துணியைத் தேடுகிறது என்றுதான் நினைத்தேன், பல்லைக் கடித்துக்கொண்டேன். ஸ்பேனரை எடுத்தார். ஏணியைச் சாய்த்து மேலே ஏறி, முதல் நட்டைத் திருக ஆரம்பித்தார். ஒரு தகடு சறுக்கிக்கொண்டு வந்து மாமாவின் காலடியில் விழுந்தது.

மாமாவுக்கு நிறம் மாறிவிட்டது. "ஏய், எறங்குங்க மாப்ளே. என்ன இது, நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

மச்சான் குனிந்து பார்த்தார். குரலைக்கூட உயர்த்தவில்லை. "நானும் ஒரு பேச்சுக்குத்தான் மாமா இம்புட்டு நாளாச் சரின்னு சொன்னேன்."

அடுத்த தகடும் இறங்கியது. நான் கீழே நின்று தகடுகளை வாங்கிக் குதிரைகளுக்குப் பக்கத்தில் அடுக்கினேன். சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. இந்த மனிதரையா இத்தனை வருஷம் திட்டினேன் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஏன் இதை முதல் பொதி இறங்கிய அன்றைக்கே செய்யவில்லை என்று அடுத்த நிமிஷமே ஆத்திரமும் வந்தது.

கீழே போகிற பஸ் வளைவில் வந்து ஹாரன் அடித்தது. தண்டாயுதபாணியின் வண்டிதான். கூரைமேல் இருந்த மச்சானுக்குக் கேட்டதோ இல்லையோ, அவர் திரும்பவில்லை. அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சாலைக்கு வந்து டிரைவரிடம் சொன்னாள்: "அவுக வரல. குழியில நெருப்பு அணைஞ்சிருச்சுன்னு மொதலாளிட்டச் சொல்லிருங்க."

மறுநாளே தண்டாயுதபாணி வந்து பார்த்தார். வளைந்த சுவர், மொட்டைக் கைமரம், அதன்மேல் லாரிக்காரர் ஒருவரிடம் மச்சான் காசு கொடுத்தே வாங்கிய பழைய படுதா. குழியில் இறங்கிக் கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வண்டியை உள்ளே விடச் சொன்னார்.

படுதா ஒழுகத்தான் செய்தது. அந்தச் சித்திரையில் பெய்த மழைக்குக் குழியில் முழங்கால் தண்ணீர். மச்சான் அதில் நின்றுகொண்டு தலைக்குமேல் கையை நீட்டி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. காய்ச்சல் வந்து படுக்கப்போகிறார், மேலே வரச் சொல்லு என்று அக்காவிடம் சத்தம் போட்டேன். அவள் வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நனையட்டும் தம்பி. மதுரையில நனையாமக் கெடந்தது போதும்" என்றாள்.