பதினேழாம் தேதிக் கப்பல்

எனக்குப் படிப்பு இல்லைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாட்டுப் பண்ணையில் முப்பது வருஷம் மாட்டுக் காதில் தொங்கும் நம்பரைப் படித்தவன் நான். நம்பர் எனக்குத் தப்பாது.

இன்று காலை மத்திகிரி பஸ்ஸில் லூர்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். லண்டன் பக்கத்திலிருந்து அமெரிக்கா போகும் கப்பலுக்கு அவன் மச்சான் டிக்கெட் அனுப்பியிருக்கிறான். லண்டன் வரைக்கும் விமான டிக்கெட்டை இவனே பெங்களூரில் அலைந்து வாங்கிவிட்டான்.

"பதினெட்டாந்தேதி பிளேன்தான் மாமா சல்லிசு. போறதுக்கு மட்டும்."

"கசாப்புக்கடை ஆட்டுக்குத்தான்டா போறதுக்கு மட்டும் வாங்குவாங்க," என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. வீட்டைக் காலி செய்துவிட்டான், மாட்டையும் விற்றுவிட்டான்.

"கப்பல் என்னைக்குடா?"

"மாசக் கடைசின்னு மச்சான் அப்பவே எழுதிட்டான்."

கப்பல் டிக்கெட் பிறகுதான் வந்ததாம். வந்ததும் ஜெபம் பண்ணி, பிரிக்காமல் பைபிளுக்குள் வைத்துவிட்டானாம். அவன் மடியிலிருந்த பைபிளிலிருந்து டிக்கெட்டை வாங்கிப் பிரித்தேன். இங்கிலீஷ் புரியவில்லை. தேதி புரிந்தது. பதினேழு.

மறுபடி பார்த்தேன். பதினேழேதான்.

"லூர்து, நீ பிளேன் ஏறுறதுக்கு முந்தின நாளே கப்பல் போயிடும்டா."

"போன மாசம் தந்தி வந்திருக்குன்னு என்னைய போஸ்ட் ஆபீசுக்கு ஓட விட்டீங்க. இன்னைக்குக் கப்பலா?"

"இது விளையாட்டில்லடா. நீயே அந்தத் தேதியப்..."

டிக்கெட்டைப் பிடுங்கிப் பைபிளுக்குள் செருகிக்கொண்டு, இறங்கித் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டான்.

யாராவது போய் அவனிடம் சொல்லுங்கள். நான் சொன்னதாக மட்டும் சொல்லிவிடாதீர்கள்.