லைன் இல்லாத ஞாயிறு

என் ஆல்பத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு மயில் இருக்கிறது. தொலைபேசி அட்டையில் அச்சடித்த மயில். அதன் பின்பக்கத்து வெள்ளிப் பூச்சு கோணல்மாணலாகச் சுரண்டப்பட்டிருக்கும். சுரண்டாத மயில் ஒன்றுக்காக எட்டு வயதில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வகுப்பில் மற்றப் பிள்ளைகள் கால்பந்துக்காரர்களின் அட்டைகளைச் சேர்த்தார்கள். எனக்கு வாய்த்தவை, எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியில் சனம் ஊருக்குப் பேசி முடித்துத் தொலைபேசிக் கூண்டுக்குள் போட்டுவிட்டுப் போகிற அட்டைகள். யானை, தாமரை, கோயில் கோபுரம் என்று விதவிதமாகக் கிடக்கும். நான் குனிந்து பொறுக்கும்போது அம்மா முகத்தைச் சுளிப்பார்; பிறகு தன் கோட்டுக் கையாலேயே துடைத்தும் தருவார். சுரண்டிய அட்டையெல்லாம் குப்பை என்று வகுப்பில் ஒருத்தி சொல்லிவிட்டாள். அது எனக்குச் சுட்டுவிட்டது.

அப்பா அப்போது மன்னாரில் விசாவுக்காகக் காத்திருந்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மாவும் நானும் ரூ லூயி-பிளாங் தெருவிலுள்ள தொலைபேசிக் கூண்டுக்கு வருவோம். அதே நேரத்துக்கு அங்கே அப்பா சைக்கிள் மிதித்து ஒரு தொலைபேசிக் கடை வாசலில் வந்து நிற்பார். அம்மாவுக்குப் பிரெஞ்சு வராது. அதனால் அட்டையைச் சுரண்டுவதும், பூச்சுக்கு அடியில் இருக்கும் இலக்கங்களை வாசிப்பதும், போனுக்குள் பேசும் பெண் சொல்வதைத் தமிழாக்குவதும் என் உத்தியோகம். சுரண்டுவதற்கு அம்மா தன் சங்கிலியில் தொங்கிய மாதா பதக்கத்தைக் கழற்றித் தருவார். எட்டு வயதில் இவ்வளவு அதிகாரம் இருந்தால் யாருக்குத்தான் தலை கனக்காது?

அன்று அம்மா வாங்கியது மயில் அட்டை. வழியில் பொறுக்கிய பழைய மயில் ஒன்றும் என் கோட்டுப் பையில் கிடந்தது. அம்மாவுக்கு முதுகைக் காட்டி நின்று சுரண்டுவதுபோல் பாவனை செய்தேன். புதியதைப் பைக்குள் தள்ளிவிட்டுப் பழையதன் இலக்கங்களை வாசித்தேன். ஒரே மயில் என்றால் ஒரே மாதிரி வேலை செய்யும் என்றுதான், சத்தியமாக, நினைத்தேன்.

அட்டையில் காசு முடிந்துவிட்டது என்றாள் போனுக்குள் இருந்த பெண்.

"என்னவாம் பிள்ளை?" என்றார் அம்மா.

"லைன் இல்லையாம்."

அம்மா மூன்று தரம் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தார். பிறகு ரிசீவரை வைத்துவிட்டு, "பாவம் மனிசன், வெயிலுக்கை நிப்பார்" என்றார். மாசிக் குளிரில் விரல் விறைக்க நின்றுகொண்டு அவர் நினைத்தது அந்த வெயிலை. எனக்கு அழுகை வந்துவிட்டது. புது மயிலை எடுத்து நீட்டினேன்.

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. பதக்கத்தை என்னிடமிருந்து வாங்கி, முதன்முறையாக அம்மா தானே சுரண்டினார். பழக்கமில்லாததால் கோடு கோணலாக விழுந்தது. அப்பா கிடைத்தார். ஏன் இவ்வளவு நேரம் என்று அவர் கேட்டார் போலும். என் தலையில் ஒரு கையை வைத்தபடியே அம்மா சொன்னார்: "லைன் இல்லையாம்."

போன ஞாயிறு, பொண்டி என்ற புறநகரில் அம்மாவும் அப்பாவும் இப்போது இருக்கும் வீட்டில், அப்பா அந்த ஆல்பத்தை என் மகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். மயிலைக் கண்டதும், ஒருநாள் லைன் இல்லாமல் வெயிலில் காய்ந்த கதையை எடுத்துவிட்டார். சொல்லச் சொல்ல அந்தக் காத்திருப்பு நீண்டுகொண்டே போகிறது. இம்முறை இரண்டு மணித்தியாலம். ஊர்த் தொலைபேசிக்காரருக்கு வழமைபோலத் திட்டும் விழுந்தது. இனியாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிரவே இல்லை.

"ஓம், அண்டைக்கு லைன் இல்லை" என்றார்.